கோழிகளுக்கு ஒரு தண்ணீர்க் குழாய்

சனிக்கிழமை காலையில் பெக்கோ வரப்போகிறதென்று மனோரஞ்சிதத்துக்கு யாரும் சொல்லவில்லை. அவள் குசினி யன்னலடியில் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மண் கிண்டுகிற சின்ன மஞ்சள் யந்திரம் ஒன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஒரு வாகனம் வளவுக்குள் திரும்பியது. அவளுடைய கணவர் தவராஜா வெளியே ஓடிப்போய் இரண்டு கையையும் அசைத்து வழி காட்டினார்.

அவள் தேநீரை அப்படியே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"உது என்னத்துக்கு?"

"வாடகைக்கு எடுத்தனான். கோழிக்கூட்டுக்குக் குழாய் போடுற கானை வெட்டி முடிச்சிடலாம்."

"இண்டைக்கு விறகுக் கொட்டிலுக்குக் கூரை போடுறதெண்டுதானே ராத்திரி கதைச்சது?"

"கூரையை மழைக்குள்ளயும் போடலாம். நிலம் இறுகினால் கான் வெட்டேலாது, மனோ."

மழைக்குள் யார் கூரையில் ஏறுவது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

டெனிஷ் பட்டினமான ஸ்கீவவுக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருந்த இந்தப் பழைய வீட்டை அவர்கள் போன வருடம் வசந்தத்தில் வாங்கினார்கள். தவராஜாவுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்கக் குளிரறையில் நின்றுவிட்டு வந்து செற்றியில் சாய்ந்தால், காட்டுக்குள் வீடு கட்டித் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே விளைவிக்கிற ஒரு சுவீடன்காரக் குடும்பத்தின் வீடியோக்களைப் பார்ப்பார். பார்க்கப் பார்க்க, பட்டினத்தில் இருந்த மாடிவீடு அவருக்குச் சிறுத்துக்கொண்டே போனது. மனோரஞ்சிதம் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. கோழி வளர்க்கலாம், நாலு பாத்தி கீரை போடலாம் என்று அவளும் சந்தோசமாகத்தான் வந்தாள். வீட்டின் மேல் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. தவராஜா எதையும் தொடங்குவார், எதையும் முடிக்கமாட்டார், அதுதான் அவளை அரித்தது.

வீட்டுச் சுவரோடு சேர்த்துப் பழைய யன்னல்களால் ஒரு கண்ணாடிக் கூடம் கட்டத் தொடங்கினார். ஒரு பக்கமும் கூரையும் மிச்சம். அங்கே பொலித்தீன் தொங்கியது. தேன் எடுக்கப் போவதாகத் தேனீப் பெட்டிகள் வாங்கினார். அவை கராஜை அடைத்துக்கொண்டு கிடந்தன, தேனீக்கள் வரவில்லை. விறகுக் கொட்டிலுக்குத் தூண்கள் நட்டதோடு சரி. லொறியில் கொண்டுவந்து கொட்டிய விறகு தறப்பாளுக்குக் கீழே முற்றத்தில் அப்படியே இருந்தது. பழைய எண்ணெய்ச் சூடாக்கியைக் கழற்றி எறிந்துவிட்டபடியால் இந்த மாரிக் குளிருக்கு வீடு முழுதும் விறகடுப்பை நம்பித்தான். எல்லாவற்றுக்கும் மேலாக இந்தக் கான். வளவின் கடைசியில் இருந்த கோழிக்கூட்டுக்குத் தண்ணீர்க் குழாய் தாழ்ப்பதற்காக ஆவணியில் மண்வெட்டியால் வெட்டத் தொடங்கி, கார் வரும் பாதையைத் தாண்டியதும் விட்டுவிட்டார். கார் போக இரண்டு பலகை போட்டிருந்தது. போன கிழமை பின்னேர வேலை முடிந்து வந்த மனோரஞ்சிதம் காரால் இறங்கி நடக்கும்போது அதற்குள் விழுந்தாள். முழங்கால் இன்னும் மடக்க நோகிறது.

இதற்கிடையில் பறவைக் காய்ச்சல் பரவுகிறது, வீட்டுக் கோழிகளையும் கூரைக்குக் கீழே அடைத்து வைக்க வேண்டும் என்று அரசாங்க அறிவித்தல் வந்திருந்தது. அதனால்தான் பிள்ளைகள் இரண்டு பேரையும் வெள்ளிக்கிழமை இரவே வரவழைத்தாள். முதலில் விறகுக்குக் கூரை, பிறகு கோழிகள் ஓடித்திரியும் வலையடைப்புக்கு மேலே தகரம். அவ்வளவுதான் அவள் கேட்டது.

மகன் லவன் ஓகுஸில் ஒரு காற்றாலைக் கம்பனியில் பொறியியலாளன். பெக்கோவைக் கண்டதும் அவன் முகம் பத்து வயதுப் பிள்ளையின் முகமாகிவிட்டது.

"ஒரு மணித்தியாலம்தான் அம்மா," என்று டெனிஷில் சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தான். "கையால் வெட்டினால் ஒரு கிழமை எடுக்கும்."

"நீயுமா?" என்றாள்.

பழைய கானையும் ஆழமாக்குவதற்காகப் பலகைகளை இழுத்து ஒரு பக்கம் போட்டார்கள். யந்திரம் உறுமத் தொடங்கியது.

மகள் சயந்தினி ரண்டர்ஸில் தாதி வேலைக்குப் படிக்கிறாள். அவள் தகப்பனோடு வாயாடவில்லை. "வாங்கோ அம்மா, நாங்கள் கூரையைத் துவங்குவம்," என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தாயும் மகளும் முதல் தகரத்தைத் தூக்கித் தூண்களுக்கு மேல் வைத்தார்கள். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. மனோரஞ்சிதம் கீழே நின்று விளிம்பைப் பிடிக்க, சயந்தினி மேலே ஏறித் திருகாணியைக் கையில் எடுத்தாள். எடுத்ததை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இது மரத்துக்குப் போடுறதில்லை அம்மா. கொங்கிறீற்றுக்கு."

"எல்லாப் பெட்டியும் உதுதானா?"

"எல்லாம் இதுதான்."

மனோரஞ்சிதம் தகரத்தை விடாமல் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். கடைக்குப் போய் வேறு திருகாணி வாங்கலாம். ஆனால் கார் இரண்டும் கானுக்கு இந்தப் பக்கம், தெரு அந்தப் பக்கம்.

அப்போதுதான் யந்திரத்தின் சத்தம் மாறியது. ஓட்டுச்சட்டி உடைகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு லவன் யந்திரத்தை நிறுத்துவது கேட்டது. அவர்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, கானின் அடியில் சிவப்பு நிறத்தில் சுட்ட மண் குழாய் ஒன்று பிளந்து கிடந்தது. அதற்குள் இருந்து மண்ணிறத் தண்ணீர் கொப்பளித்து வந்தது. ஒரு கிழமையாகப் பெய்த மழை முழுதும் அந்தக் குழாய்க்குள் நின்றதுபோல் வந்தது. கான் நிரம்பியது. நிரம்பி வழிந்து, தாழ்ந்து பதிவான பக்கமாக ஓடியது. பதிவான பக்கத்தில்தான் விறகு இருந்தது.

"அப்பா, கீழே குழாய் இருக்குதெண்டு நீங்கள் பார்க்கேல்லையா?" லவன் தமிழிலேயே கத்தினான்.

"நீதானே ஓட்டினனி?"

"நீங்கள்தானே இஞ்ச வெட்டச் சொன்னனீங்கள்?"

மனோரஞ்சிதம் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள், அது இன்னும் மோசமாக இருந்தது.

"ஒண்டரை வருசமா நான் ஒரு கொட்டில் கேட்டனான். ஒரு கூரை. உங்களுக்கு நான் சொல்லுறது காதிலயே விழுறேல்லை. அந்த வீடியோக்காரன் சொல்லுறது மட்டும் விழும். நீங்கள் இதுக்குள்ள இருங்கோ. நான் மாரி முடியுமட்டும் எஸ்பியர்க்கில தங்கச்சி வீட்டில இருக்கிறன்."

வீட்டுக்குள் போய்க் கைப்பையையும் கார்ச் சாவியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். யாரும் மறிக்கவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தி, எஞ்சினை முடுக்கினாள். காருக்கு முன்னால் தண்ணீர் நிறைந்த கான் குறுக்கே கிடந்தது. இப்போது அது முன்னையைவிட இரண்டு மடங்கு அகலம். பலகை எட்டாது.

அவள் எஞ்சினை நிறுத்தினாள். கோபித்துக்கொண்டு போவதற்குக்கூட இந்த மனிசன் வழி விடவில்லை என்று நினைத்தபோது அழுகைதான் வந்தது. துளி துளியாக மழை கண்ணாடியில் விழத் தொடங்கியது. கண்ணாடிக்கு அப்பால் தவராஜா கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு சேற்றில் நின்றார். பிள்ளைகள் இரண்டும் டெனிஷில் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். தறப்பாளின் ஓரத்தால் ஒரு விறகுக்கட்டை வெளியே வந்து, தண்ணீரில் ஆடி ஆடிப் போனது.

தவராஜாவைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை. ஆனால் அந்த விறகைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, காருக்குள் இருந்தபடியே பக்கத்து வயல்காரன் யென்ஸுக்குத் தொலைபேசி எடுத்தாள். பிறகு இறங்கினாள்.

"லவன், தேனீப் பெட்டியெல்லாத்தையும் கராஜால வெளியில போடு."

"அது நனையும்," என்றார் தவராஜா.

"நனையட்டும். சயந்தினி, அந்தக் கைவண்டிலை எடு. காய்ஞ்ச விறகு எல்லாம் கராஜுக்குள்ள போகுது."

யென்ஸ் உழவு யந்திரத்தில் வந்தான். இறங்கிக் கானை எட்டிப் பார்த்தான். அது அவனுடைய வயலில் இருந்து வருகிற வடிகால் குழாய் என்றும், இன்றைக்கே பொருத்தாவிட்டால் அவன் விதைத்த கோதுமை தண்ணீரில் நிற்கும் என்றும் சொன்னான். கிண்டுவதற்கு முதல் ஒரு வார்த்தை தன்னைக் கேட்டிருக்கலாமே என்றான். அவனுக்கும் கோபம்தான். டெனிஷ்காரர்களின் கோபம் குரல் உயராமல் வரும். தவராஜா மன்னிப்புக் கேட்டார். யென்ஸ் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயும் இரண்டு ரப்பர் வளையங்களும் தண்ணீர் இறைக்கும் மோட்டரும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

மோட்டர் இறைக்க இறைக்கத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. யாராவது குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டுப் பொருத்தினால்தான் உண்டு. தவராஜா சேற்றில் படுத்தார். கரை ஈரமாக இருந்ததால் அவர் தலைகீழாக வழுகப் பார்த்தார். லவன் மோட்டரடியில், சயந்தினி கைவண்டிலோடு. மனோரஞ்சிதம்தான் நோகிற முழங்காலை மண்ணில் ஊன்றி அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"பிடிச்சிருக்கிறீரா?" கானுக்குள் இருந்து குரல் வந்தது.

"பிடிச்சுத்தான் இருக்கிறன். கெதியாப் பூட்டுங்கோ."

அவர் ஒரு கையால் வளையத்தைக் குழாயில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"போன மாரியில நீர் பனிக்குள்ள வாளியோட விழுந்தனீர்," என்றார். "அதுக்குத்தான் முதல்ல குழாயைப் போடுவம் எண்டு நினைச்சன். கோழிக்குத் தண்ணி கொண்டு போற வேலை உமக்கு இருக்கக்கூடாதெண்டு."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் மனம் உடனே இளகிவிடவில்லை. மழை கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"போன மாரியில பனியில விழுந்தன். போன கிழமை உங்கட கானுக்குள்ள விழுந்தன். எதில விழுந்தாலும் எனக்கு நோகுது. நான் குழாய் கேட்டனானா? என்ன வேணுமெண்டு என்னை ஒருக்காலாவது கேட்டனீங்களா?"

கானுக்குள் ரப்பர் வளையம் ஒருமுறை வழுக்கியது. பிறகு, "கேக்கேல்லை," என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில், "வளையம் ஏறீட்டுது," என்றார்.

அவரை இழுத்து எடுக்க லவனும் வந்து கை கொடுக்க வேண்டியிருந்தது. முகத்தில் கண்ணைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. வேறு நாளாக இருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள். மோட்டரை நிறுத்திப் பார்த்தார்கள். கானுக்குள் தண்ணீர் ஏறவில்லை. விறகில் பாதி கராஜுக்குள் போயிருந்தது, மற்றப் பாதி ஊறிவிட்டது. நன்றாகக் காய அடுத்த கோடை வரவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோறும் பழைய மீன் குழம்பும் சாப்பிட்டார்கள். கோழிகளுக்குக் கூரை இன்னும் இல்லை. வெளியே விடவும் கூடாது. அப்போது சயந்தினி, "கோழியைக் கண்ணாடிக் கூடத்துக்குள்ள விட்டால் என்ன?" என்று கேட்டாள். மிச்சமாக இருந்த பக்கத்தையும் கூரையையும் தகரத்தால் மூடினால் சட்டத்துக்கும் சரி, குளிருக்கும் சரி. யென்ஸிடம் மரத்துக்குப் போடுகிற திருகாணிகளும் இருந்தன.

கூடத்துக்குள் மனோரஞ்சிதத்தின் பச்சைமிளகாய்க் கன்றுகள் நின்றன. இன்னும் காய்த்துக்கொண்டிருந்தவை. கோழி விட்டால் ஒரு நாளில் கிளறிக் கொட்டிவிடும். அவள் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய், பிஞ்சு காய் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் பிடுங்கினாள். பிறகு, "விடுங்கோ," என்றாள்.

மத்தியானம் கடைசித் தகரம் ஏறியது. அந்தப் பழைய வீட்டில் அவர்கள் முழுதாக முடித்த முதல் வேலை அது. கோழிகள் உள்ளே போய் மண்ணைக் கிளறத் தொடங்கின. கூடத்துக்குப் பக்கத்திலேயே உடுப்புத் தோய்க்கும் அறையின் கதவு. அங்கே தண்ணீர் இருக்கிறது. கையை நீட்டினால் வாளியை வைக்கலாம்.

மனோரஞ்சிதம் அந்தக் கதவையும், வளவின் அந்தக் கடைசியில் வெறுமையாகக் கிடந்த கோழிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இந்தக் கான் என்னத்துக்கு?"

தவராஜா வாயைத் திறந்தார். வசந்தத்தில் கோழிகள் திரும்பப் போகும்போது என்று தொடங்கப் போகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, பெக்கோவில் ஏறினார்.

தான் வெட்டுவித்த கானைத் தானே மூடினார். ஆவணியில் மண்வெட்டியால் வெட்டிய பகுதியையும் சேர்த்து. பழக்கமில்லாதபடியால் மண் ஒரு பக்கம் குவிந்தும் ஒரு பக்கம் பள்ளமாகவும் விழுந்தது. லவன் தான் செய்கிறேன் என்று கேட்டான், அவர் விடவில்லை. பொழுது சாய்வதற்குள் கார் போகிற அளவுக்குப் பாதை மட்டமானது. வாங்கி வைத்த நீலக் குழாய் சுருள் கலையாமல் சுவரோரம் கிடந்தது.

பிள்ளைகள் இருவரும் லவனின் காரில் போனார்கள். மனோரஞ்சிதம் கை காட்டிவிட்டுத் திரும்பினாள். உடம்பில் நோகாத இடமில்லை. தவராஜா விறகடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார். ஈரவிறகு ஒன்று கலந்து போய் வீடெல்லாம் புகை.

"இஞ்சேருங்கோ," என்றாள். "தொடங்கினதெல்லாம் முடியுமட்டும் புதுசா ஒண்டும் துவங்கேலாது. யென்ஸ் சும்மா ஒரு ஆட்டுக்குட்டி தந்தாலும் வேண்டாம்."

"ஓம்," என்றார்.

இந்த "ஓம்" எத்தனை நாளைக்கு நிற்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. யன்னலைத் திறந்து புகையை வெளியே விட்டாள். குளிர் உள்ளே வந்தது. வேலைச் சப்பாத்தைக் கழற்றாமலே உட்கார்ந்து, திங்கட்கிழமை காலை வேலைக்கு மணிக்கூட்டில் அலாரம் வைத்தாள்.