கால் ஊன்றாமல் ஏறுவது

நாய்க் கழிவைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து, அதை மரக்கிளையில் தோரணமாகத் தொங்கவிட்டுப் போகிறவர்களை நான் ஒருவேளை மன்னித்துவிடக்கூடும். மழை விட்ட மறுநாளே ஈரத் தடத்தில் சைக்கிளை ஓட்டிக் கோடை முழுவதும் ஆறாத பள்ளங்களை உழுதுவைப்பவர்களையும், ஒரு குட்டைத் தண்ணீருக்கு அஞ்சி ஓரமாக ஒதுங்கி ஒதுங்கியே ஒற்றைத் தடத்தை லாரிச் சாலையாக்குபவர்களையும் மன்னிக்க முயலலாம். ஏறி வருகிறவனுக்கு இறங்கி வருகிறவன் வழிவிட வேண்டும் என்பது மலைச் சைக்கிள்காரர்களிடையே எழுதப்படாத சட்டம். அதை மதியாமல் "ஓரம், ஓரம்!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து வருகிறவனைக்கூட, அவனும் ஒரு நாள் மூச்சிரைக்க ஏறத்தானே வேண்டும் என்றெண்ணி விட்டுவிடலாம். ஆனால், தன்னால் ஏற முடியாத கல்லை உடைத்தும், தாண்ட முடியாத வேரை அறுத்தும், மலையைத் தன் திறமையின் அளவுக்குத் தாழ்த்துகிறவனுக்கு என்னிடம் மன்னிப்புக் கிடையாது. கணக்கு வராத மாணவன் கேள்வியையே அழித்துவிட்டு விடை சரியென்று சாதிப்பதற்கு ஒப்பான செயல் அது.

இந்தக் கருத்தை வெர்ன் பெரபெல்கின் வாயால் கேட்டிருக்க வேண்டும். நெல்சன் நகருக்கு மேலுள்ள மலைச்சரிவில் தடங்களைப் பராமரிக்கும் எங்கள் குழுவுக்கு நெடுங்காலமாக அவனே தலைவன். மர ஆலையில் உழைத்து உரமேறிய உடம்பு. கடப்பாரையை எழுதுகோல்போலக் கையாள்வான். ஆண்டுதோறும் பனி உருகியபின் வரும் முதல் பணிநாளில், கூடியிருப்பவர்களுக்குத் தன் மனைவி காய்ச்சிய போர்ஷ்ட் என்னும் பீட்ரூட் சூப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒரு சொற்பொழிவு ஆற்றுவான்.

"கேட்டுக்குங்க. தண்ணி ஓட வழி பண்ணுங்க, விழுந்த மரத்தை அறுங்க, அவ்வளவுதான். கல்லு மேல கை வெச்சீங்க, கையை ஒடச்சிடுவேன். தடம் உங்களுக்காக இறங்கி வராது. ஏற முடியலையா, தள்ளிக்கிட்டுப் போங்க. அதுல ஒரு கேவலமும் இல்ல."

"நான் வருஷம் பூரா தள்ளிக்கிட்டுத்தான் போறேன். என்னைக் கேவலம்னு சொல்லிப் பாரு, நாளைக்கு சூப்புல உப்பு இருக்காது" என்பாள் அவன் மனைவி டார்லீன்.

டார்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். நான் ஓய்வுபெறும்வரை பணியாற்றிய பள்ளிக்குத்தான் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பாள். குழந்தைகளைக் கேலிசெய்தே அடக்கும் வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது. என்னை 'வாத்தியாரே' என்று அவள் அழைக்கத் தொடங்கியதால் மலை முழுவதும் எனக்கு அதுவே பெயராயிற்று.

அவள் ஆண்டு முழுவதும் தள்ளிக்கொண்டு போனதாகச் சொன்ன இடத்துக்குப் 'பல்வரிசை' என்று பெயர். செங்குத்தான ஏற்றத்தில் அடுத்தடுத்து மூன்று பாறைப் படிகள். முதலிரண்டையும் பழகியவர்கள் ஏறிவிடுவார்கள். மூன்றாவது பல்தான் ஆளை விழுங்கும். முழங்காலுக்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ள பாறை. அதன் உச்சியில் குறுக்கே ஒரு செடார் மரத்தின் வேர், கைத்தடி பருமனில், மழையில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். முன்சக்கரத்தைத் தூக்கிப் பாறைமேல் வைத்து, அதே மூச்சில் உடம்பை முன்னே எறிந்து, பின்சக்கரம் வேரில் வழுக்குமுன் ஒரு மிதி மிதித்துவிட வேண்டும். கால் தரையில் பட்டால் ஏறியதாகாது. மரத்தில் கை வைத்தாலும் ஆகாது. பார்த்துச் சொல்ல ஒருவராவது உடன் இருக்க வேண்டும். இவை எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. எனினும் எவரும் மீறுவதில்லை. வெர்ன் இளமையில் ஏறியிருக்கிறான். நான் ஒரே ஒருமுறை ஏறினேன். டார்லீன் ஏறியதே இல்லை.

ஓர் ஆண்டு வசந்தத்தில் அவளால் சட்டைப் பித்தானைப் போட முடியாமற்போனது. இடக்கை. கெலோனா நகரிலுள்ள நிபுணரிடம் போய்வந்தார்கள். தசைகள் ஒவ்வொன்றாகச் சொற்பேச்சுக் கேளாமற்போகும் நோய், நிறுத்த மருந்தில்லை. செய்தியைச் சொல்ல அவளே என் வீட்டுக்கு வந்தாள்.

"முதல்ல கை போகும், அப்புறம் காலு, கடைசியாத்தான் பேச்சுன்னு டாக்டர் சொன்னாரு வாத்தியாரே. பேச்சு கடைசியாத்தான் போகும்னதும் வெர்ன் மூஞ்சியைப் பாக்கணுமே!"

நான் சிரிக்கவில்லை.

"அட, சிரிங்க. நான் வழியெல்லாம் யோசிச்சு வெச்ச ஜோக்கு." பிறகு தன் இடக்கை விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "பிரேக் பிடிக்க விரல் இருக்கிற வரைக்கும், இந்தக் கோடை ஒண்ணுதான். பல்வரிசையை ஒரே ஒரு தடவ ஏறணும். வேற எதுவும் கேக்கல."

அன்றுமுதல் சனிக்கிழமைதோறும் மூவரும் மலைக்குப் போனோம். அவள் ஏறுவாள், நாங்கள் இருவரும் மூன்றாவது பல்லின் இருபுறமும் சாட்சிகளாக நிற்போம். சூன் மாதத்தில் அவள் முன்சக்கரம் பாறையை முட்டி நின்றது. சூலையில் ஒருநாள் முன்சக்கரம் பாறைமேல் ஏறிவிட்டது. பின்சக்கரம் வேரில் வழுக்கியது. அவள் இடப்பக்கமாகச் சாய்ந்தாள். எவருக்கும் விழும்போது கை தானாக முன்னே போகும். அவளுடைய கை போகவில்லை. கன்னம் பாறையில் உரசிற்று. எழுந்திருக்க முடியாமல், வானத்தைப் பார்த்தபடி கிடந்து சிரித்தாள்.

வெர்ன் அவளைத் தூக்கி உட்காரவைத்தான்.

"ஏன் கிழவா அழற? விழுந்தது நானு."

"யாரு அழறா? புகை."

பள்ளத்தாக்குக்கு அப்பால் காடு எரிந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அன்று காற்று எதிர்த்திசையில் வீசிற்று.

"வேர்ல பின்சக்கரம் பட்டுச்சு, பாத்தியா? பட்டுச்சா இல்லையா? வாத்தியாரே, நீங்க சொல்லுங்க."

"பட்டது" என்றேன்.

"இன்னும் ஒரு சாண்தான். அவ்வளவுதான்!" அவள் கண்களில் இருந்த ஒளியை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. வெர்ன் அவள் கன்னத்து இரத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்டு நடுவில் ஒரு புதன்கிழமை, முறிந்த கிளைகளை அகற்றுவதற்காக நான் தனியே மலையேறினேன். பல்வரிசையில் என் கால்கள் நின்றுவிட்டன. மூன்றாவது பல்லின் மேல்விளிம்பு உடைக்கப்பட்டுச் சரிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. அடியில் கற்களை அடுக்கி, இடையில் மண்ணிட்டுக் கெட்டித்திருந்தார்கள். வேர் இருபுறமும் அறுக்கப்பட்டிருந்தது. வெட்டுவாயில் சேற்றைப் பூசியிருந்தாலும் உள்ளிருந்த செம்மஞ்சள் நிறம் தெரிந்தது. ஒரு குழந்தைகூட இனி ஏறிவிடலாம்.

அப்போது கீழேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. காட்டுக்குள் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களும் நான் மன்னிக்க விரும்பாதவர்களே. வந்தவன் பிரைஸ், கால்கரி நகரிலிருந்து அண்மையில் குடியேறியவன், மின்கல சைக்கிள் வைத்திருப்பவன். நான் வழியை மறித்து நின்றேன்.

"இதைச் செய்தவன் நீதானே?"

அவன் பாட்டை நிறுத்திவிட்டுப் பாறையைப் பார்த்தான். "நானா? சார், என்கிட்ட மோட்டார் இருக்கு. பட்டனை அமுக்கினா அதுவே ஏறிடும். நான் எதுக்குக் கல்லு உடைச்சுக் கஷ்டப்படணும்?"

"உன்னைப் போன்ற சோம்பேறிகள்தாம் செய்வார்கள்."

"சோம்பேறின்னு நீங்களே சொல்றீங்க. இதுல ரெண்டு நாள் வேலை இருக்கு சார். சோம்பேறி செய்வானா?" அவன் குனிந்து பார்த்தான். "செஞ்சவன் ஆளு கெட்டிக்காரன். தண்ணிக்கு வாய்க்கால்கூட விட்டிருக்கான்."

அவன் போனபிறகு நானும் குனிந்து பார்த்தேன். சரிவின் ஓரத்தில், கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி, நீர் தேங்காதபடி ஒரு சிறு வாய்க்கால் வெட்டப்பட்டிருந்தது. தடத்தைக் கெடுப்பவர்கள் நீரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கற்களை அவ்வாறு நிறுத்தும் கை இந்த மலையில் ஒன்றுதான். எங்கள் குழுவில் அனைவருக்கும் அதைக் கற்றுக்கொடுத்த கை அது. எங்களில் ஒருவருக்கும் அவ்வளவு நேர்த்தி வாய்க்கவில்லை.

வெர்ன் தன் வண்டிக் கொட்டகையில் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான்.

"போய்ட்டு வந்துட்டீங்க போல" என்றான்.

"நீயா, வெர்ன்? கையை ஒடிப்பேன் என்றவன் நீயல்லவா?"

"ஆமா. நான்தான்." உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான், கொப்புளங்கள் உடைந்திருந்தன. "ஒடிங்க. வந்து ஒடிங்க."

"அவள் மலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை."

"அவ என்ன கேட்டான்னு எனக்குத் தெரியாதா? நேத்து ராத்திரி ஸ்பூன் நழுவி விழுந்துச்சு. நான் பாக்கலைன்னு நெனச்சு வலக்கையில மாத்திக்கிட்டா. இன்னும் எத்தன சனிக்கிழமை இருக்குன்னு நீங்க நெனக்கிறீங்க? விழுந்து கழுத்து ஒடிஞ்சு போகட்டுமா? இல்ல, கடைசிவரைக்கும் ஏறவே இல்லன்னு நெனச்சுக்கிட்டே படுக்கையில கிடக்கட்டுமா?" அவன் உள்ளங்கைகளை மூடிக்கொண்டான். "அவ மேல நின்னு ஒரு தடவ கத்தணும் வாத்தியாரே. அதை நான் கேக்கணும். அதுக்கப்புறம் என்னைக் குழுவுல இருந்து தூக்கிடுங்க, எழுதி வேணும்னாலும் தரேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"அவள் பார்த்தவுடன் கண்டுகொள்வாள்."

"மண்ணு சரிஞ்சிடுச்சு, வேரு உளுத்துப் போச்சுன்னு சொல்லிக்கலாம். ஏறுற அவசரத்துல அவளுக்கு எங்க தெரியப்போகுது?"

என் வாழ்நாளில் தவறென்று தெரிந்த ஒன்றைத் திருத்தாமல் விட்டதில்லை. அன்று கொப்புளம் உடைந்த அந்தக் கைகளுக்கு முன்னால் எனக்கு வாய் எழவில்லை.

சனிக்கிழமை புகை மண்டியிருந்தது. சூரியன் செப்புத் தட்டுப்போல் தொங்கிற்று. டார்லீன் ஏற்றத்தின் அடியில் சைக்கிளை நிறுத்தி, இடக்கை விரல்களை வலக்கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பிடியில் வைத்தாள். எப்போதும் நிற்கும் இடங்களில் நாங்கள் நின்றோம்.

"ரெண்டு பேரும் என்ன சாவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? நான் இன்னும் சாகல" என்று கீழிருந்து கத்தினாள். பிறகு கிளம்பினாள்.

முதல் பல்லை அவள் ஏறியது எவர் துணையும் இல்லாமல். இரண்டாவதையும் அப்படியே, சூன் மாதத்தைவிடத் திருத்தமாக. சக்கரம் நேராக வந்தது. மூச்சு சீராக இருந்தது. கால்களில் வலு இருந்தது. நோய் அவற்றை இன்னும் அண்டவில்லை. மூன்றாவது பல்லருகே வந்தபோது, முன்சக்கரத்தைத் தூக்குவதற்காக உடம்பைப் பின்னே இழுத்தவள், தூக்கத் தேவையில்லாமல் சக்கரம் தானாகவே சரிவில் ஏறியதை உணர்ந்தாள். அவள் பார்வை தாழ்ந்தது. செதுக்கிய பாறை. அறுத்த வேர். ஓரத்தில் குத்துவாட்டில் நிறுத்திய கற்கள். அந்தக் கற்களின்மேல் அவள் பார்வை ஒரு கணம் தங்கியதை நான் கண்டேன்.

இன்னும் ஒரு மிதி போதும். மிதிப்பதற்கு வசதியாகப் பெடலும் உச்சியில் இருந்தது.

அவள் வலக்காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் ஊன்றினாள்.

அவள் வழுக்கவில்லை. சாயவுமில்லை. பேருந்தை நிறுத்தத்தில் நிறுத்துவதுபோல் நிறுத்தினாள்.

வெர்னின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஓடிப்போய்க் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான்.

"முடியல கிழவா" என்றாள், அவன் தோளில் சாய்ந்து. "மூச்சு வாங்குது. இந்தப் பல்லு நம்மளை விடாது போல."

"இன்னொரு தடவ பாரேன். கொஞ்சம் உக்காந்துட்டு. இன்னிக்கு ஈசியாத்தான் இருக்கு, டார். நீ மிதிச்சாப் போதும்."

"போதும்பா. பசிக்குது. வண்டியில சூப்பு இருக்குல்ல?"

அவன் சைக்கிளைத் திருப்பப் போனான். அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தலையை மிக மெதுவாக அசைத்து அடக்கினாள். பிறகு அவன் காதுக்கு எட்டாத குரலில் சொன்னாள்: "வாய்க்கா நல்லா வெட்டியிருக்கான், இல்ல?"

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஏறாத ஒன்றை ஏறியதாகக் கொள்ள அவளால் முடியவில்லை. ஏன் ஏறவில்லை என்று அவனிடம் சொல்லவும் முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமைக்குள் பிரேக் அவள் விரல்களுக்கு அடங்காததாகிவிட்டது. அவள் கால் ஊன்றிய அந்த நாளில், அவள் முன்னால் நடந்து இறங்க, வெர்ன் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னுடன் பின்னால் வந்தான். அவள் வளைவில் மறைந்ததும் நின்றான்.

"அவ்வளவு வழவழன்னு பண்ணி வெச்சும் முடியலையே வாத்தியாரே. காலும் போயிடுச்சா? டாக்டர் கால் போக நாளாகும்னுதானே சொன்னாரு?"

நான் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் செதுக்கியிருக்கணும்" என்றான். "நான்தான் பாதியில விட்டுட்டேன்."

கீழே, வளைவுக்கு அப்பாலிருந்து, சூப்பு ஆறிப்போகிறது என்று டார்லீன் எங்களைக் கூப்பிட்டாள்.