விடு என்ற ஒரு சொல்

பார்லரில் நாள் முழுக்க அடுத்தவர்கள் தலையில் கை வைத்துப் பிழைக்கிறவள் நான். அந்தக் கைதான் இப்போது தோளுக்கு மேல் எழும்ப மாட்டேன் என்றது. ஹேர் டிரையரைத் தூக்கினால் உயிர் போனது. போன வாரம் ஒரு அம்மாளுக்கு ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் நெட்டையாகவும் வெட்டிவிட்டேன். அவர் அதை ஃபேஷன் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். முதலாளியம்மா ஏமாறவில்லை. "கைய சரி பண்ணிட்டு வா. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கறேன்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

தங்கைதான் இந்த ஆஸ்டியோபதிக்காரரைப் பிடித்தாள். "மருந்து இல்ல, ஊசி இல்ல. கையாலயே தொட்டுப் பாத்து சரி பண்ணுவாராம்க்கா."

"நெட்டி முறிக்கிறதுக்கெல்லாம் ஒரு டாக்டரா?" என்றேன். ஆனாலும் கிளம்பினேன். இரண்டு மாதமாக யார் எங்கே கூப்பிட்டாலும் போய்விடுகிறேன். வீட்டில் இருக்க முடியவில்லை.

உள்ளே கழுத்தைப் பிடித்துத் திருகப் போகிறார் என்று பயந்துகொண்டே உட்கார்ந்தேன். அந்த மெலிந்த மனிதரோ அரைமணி நேரம் கேள்விதான் கேட்டார். எங்காவது விழுந்தீர்களா, ஆபரேஷன் உண்டா, என்ன மாத்திரை, விரல் மரத்துப்போகிறதா, எடை குறைந்ததா, எந்தப் பக்கம் படுப்பீர்கள்? என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்டதில்லை.

"கனமா எதாவது தூக்குவீங்களா?"

"தூக்கினேன். ரெண்டு வருஷம்."

"என்னத்த?"

"என் வீட்டுக்காரர."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். 

பக்கவாதத்தில் என் வீட்டுக்காரருக்கு வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: விடு. தண்ணீர் வேண்டுமென்றாலும் விடு, ஃபேன் போடச் சொன்னாலும் விடு, என்னைக் கூப்பிட்டாலும் விடு. ஊர் வம்பையெல்லாம் வாங்கி வந்து பேசிய மனிதருக்குக் கடவுள் விட்டுவைத்தது அதைத்தான். நீட்டிச் சொன்னால் பசி, வெடுக்கென்று சொன்னால் கோபம். எனக்கு எல்லாம் அத்துப்படி. கடைசியாகச் சொன்னது மட்டும் புரியவில்லை.

அன்று காலை அவரை நாற்காலிக்கு மாற்ற அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். பாதியில் "விடு" என்றார். மெதுவாக, நான் கேட்டேயிராத குரலில். எனக்கோ வேலைக்கு நேரமாகிவிட்ட எரிச்சல். "விடணுமா? இந்தா, விட்டேன் போ!" என்று படுக்கையிலேயே கிடத்திவிட்டு அடுப்படிக்குப் போனேன். பாலை ஆற்றிக்கொண்டு திரும்பியபோது அவருக்கு உயிர் இல்லை.

நெஞ்சு வலிக்கிறது என்றாரா? மூச்சு முட்டுகிறது என்றாரா? விட்டுப் போகாதே என்றாரா? இரண்டு மாதமாக அந்த இரண்டெழுத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தார். "ஒரு பக்கமா சாஞ்சு நிக்கிறீங்க, தெரியுதா?" என்றார். வீட்டுக்காரருக்கு முட்டுக் கொடுத்த பக்கம் அது. ஆள் போன பிறகும் நான் முட்டுக் கொடுத்துக்கொண்டுதான் நிற்கிறேன் போலிருக்கிறது.

குறுகலான உயரக் கட்டிலில் படுத்தேன். ஒவ்வொரு இடத்தையும் கேட்டுவிட்டுத்தான் தொட்டார். என் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

"மூச்ச விடுங்க... இப்ப கைய லூசா விடுங்க. பாரம் முழுக்க என் கையில இருக்கட்டும்."

விட்டுவிட்டதாகத்தான் நினைத்தேன். அவர் தன் கையை மெல்லக் கீழே எடுத்தார். என் கை பிடிமானமே இல்லாமல் அந்தரத்தில் அப்படியே நின்றது.

"பாத்தீங்களா? இன்னும் தூக்கிட்டேதான் இருக்கீங்க."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே தோள்பட்டைக்குக் கீழே கட்டைவிரலால் ஓரிடத்தை அழுத்தினார். சுரீரென்றது. "ஸ்ஸ்..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்தேன்.

"வலிக்குதா? விட்டுடறேன்" என்று சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. அன்று காலையும் இதே சத்தம்தான். வீட்டுக்காரரைப் பாதி தூக்கியபோது இதே இடம் சுரீரென்றது, இதே "ஸ்ஸ்" என் வாயிலிருந்து வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். அவர் எதையும் கேட்கவில்லை. உனக்கு வலிக்கிறது, விடு என்றார். அதற்குத்தான் நான் "விட்டேன் போ" என்றேன்.

அந்தக் கட்டிலிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதேன். டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. துடைத்துக்கொள்ளத் துண்டை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். நான் ஓய்ந்த பிறகு, "இன்னிக்கு இது போதுமா, தொடரலாமா?" என்றார். தொடரச் சொல்லித் தலையாட்டினேன். மறுபடி கையை ஏந்தினார். இந்த முறை என் கை அவர் கையில் கனமாக விழுந்தது.

"ரெண்டு நாளைக்கு அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்கும், பயப்படாதீங்க. வெந்நீர் ஒத்தடம் குடுங்க. கை மரத்துப்போச்சுன்னா மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. அடுத்த வாரம் வாங்க" என்றார்.

வாசலில் தங்கை காத்திருந்தாள். என் வீங்கிய கண்ணைப் பார்த்துப் பதறிப்போனாள். "என்னக்கா, ரொம்ப வலிச்சுதா? இப்ப விட்டுச்சா?"

கையைத் தூக்கிக் காட்டினேன். காது வரைக்கும் போனது.

"நல்லா தூக்க வருதுடி" என்றேன். "தூக்கத்தான் ஆள் இல்ல."