யானைகள் நலமாக உள்ளன

உலகத்தோருக்கு இதனால் தெரிவிக்கப்படுவது: செயற்கை நுண்ணறிவு யானையின் மனத்தைப் படித்து முடித்துவிட்டது. கினாபாத்தாங்கான் ஆற்றங்கரைக் காட்டிலுள்ள யானைகள் அனைத்தும் நலமாகவும் மகிழ்ச்சியாகவும், முன்னைக் காட்டிலும் இரு மடங்கு பசியோடும் உள்ளன.

அறிவித்தவர் யானை ஆய்வு நிலையத்தின் தலைவர், அரசு கொடுத்த ‘டத்தோ’ பட்டம் பெற்ற ஜுஃப்ரி. பத்திக் சட்டை விறைக்க மேடையில் நின்று, ஒவ்வொரு சொல்லையும் பிரசவிப்பது போல் வெளியே விட்டார். கைதட்டல் ஓய்ந்ததும் ஆளுக்கொரு தெர்மகோல் நுரைப்பெட்டியில், தேங்காய்ப்பால் சோறும் காரச் சம்பாலுமாக நாசி லெமாக் கொடுத்தார்கள்.

கால்நடை மருத்துவர் ரொசிந்தா மட்டும் சாப்பிடவில்லை. காலை முழுக்க அவள் கை யானைச் சாணத்துக்குள் இருந்தது. எத்தனை கழுவியும் நாற்றம் போகவில்லை. டத்தோவின் பேச்சு அதைவிடக் குமட்டியது. வெளியே போய்ச் சாண வாளியைத் தூக்கிவந்து அவருடைய மேசைமேல் வைத்தாள்.

“ஐயையோ டாக்டர்! சாப்பிடுற இடம்!”

“யானையும் இதைத்தான் சாப்பிடுது டத்தோ. ரிசார்ட்டுக்குப் பின்னாடி, குப்பைமேட்டுல.”

இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். நூடுல்ஸ் உறை. குழந்தையின் டயப்பர். போன வருட விழாப் பதாகையின் கிழிசல். அதில் டத்தோவின் பாதிச் சிரிப்பு இருந்தது. யானைக்கும் அது செரிக்கவில்லை.

“அங்க தாயோட மேயுற குட்டிக்குச் சாணமே வரல. வயிறு உப்பிக் கிடக்கு. அந்த மேட்டைச் சுத்தி உடனே வேலி போடணும்.”

“வேலின்னா அரசாங்கப் பணம். யானைக்குக் கஷ்டம்னு மெஷின் சொல்லணும்ல? என்னப்பா வீ கியாட், சொல்லுதா?”

கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த மென்பொருள்காரன் வீ கியாட் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். திரையில் அதே குப்பைமேடு. பிளாஸ்டிக் பையை மென்றுகொண்டிருந்த தாய் யானையின் தலைக்கு மேலே பச்சை எழுத்து: ‘உண்கிறது’.

“புல்லா அது? பை! கண்ணு தெரியலயா?”

“தும்பிக்கை வாய்க்குப் போனா சாப்பாடுதான் டாக்டர். சாப்பிடுது, விளையாடுது, ஓய்வெடுக்குது, கூடுது. மெஷினுக்குள்ள நாலே பெட்டிதான் இருக்கு.”

“குப்பைன்னு ஒரு பெட்டி வைக்கிறதுதானே?”

“வச்சிருந்தேன்.” ஓரக்கண்ணால் டத்தோவைப் பார்த்தான். “எடுக்கச் சொல்லிட்டாங்க.”

“பாதுகாக்கப்பட்ட காட்டுல ஏதும்மா குப்பை?” என்றார் டத்தோ. “சட்டப்படி இருக்கவே கூடாது. இல்லாததுக்கு எதுக்குப் பெட்டி? வாளியை எடும்மா, சம்பால் நாறுது.”

குட்டிக்கு மயக்க ஊசி போட்டுச் சிகிச்சை செய்யவும் அவருடைய அனுமதி வேண்டும். நலமாக இருக்கிற யானைக்கு ஊசி எதற்கு என்று மறுத்துவிட்டார். அன்று மீந்த நுரைப்பெட்டிகள் லாரியேறி எங்கே போயின என்று சொல்லவும் வேண்டுமா!

அடுத்த வாரம் டத்தோவே அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“வாங்க, வாங்க! அழுதீங்களே, பாருங்க உங்க குட்டியை.”

திரையில் குட்டி குப்பைமேட்டின்மேல் ஒருக்களித்துக் கிடந்தது. தலைக்கு மேலே: ‘ஓய்வெடுக்கிறது’. பக்கத்தில் தாய் நின்று தும்பிக்கையால் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. அதற்கு: ‘விளையாடுகிறது’.

“நேத்திலேர்ந்து ஒரு அசைவு இல்ல! இப்படி நிம்மதியா எந்தக் குட்டியும் தூங்கினதில்லைன்னு மெஷினே சொல்லுது. படத்தை அமைச்சருக்கு அனுப்பிட்டேன்.”

அமைதி என்று பொருள்படும்படி குட்டிக்கு ‘அமான்’ எனப் பெயரும் வைத்தாகிவிட்டது.

ரொசிந்தா வண்டியை எடுத்தாள். மேடு கண்ணில் படுவதற்கு முன்பே நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. கம்பத்தின் உச்சியில் கேமரா பச்சை விளக்கோடு படமெடுத்துக்கொண்டிருந்தது. தாய் ஒரு நுரைப்பெட்டியை எடுத்துக் குட்டியின் வாயருகே வைத்திருந்தது.

குட்டி செத்துப்போயிருந்தது.