புறா மார்க் பிளேடுக்கு ஒரு சாட்சி

சாட்சி சொல்லச் சொன்னால் என்ன சொல்வது? கர்த்தர் என் கணவரின் கன்னத்தை இம்மட்டும் காத்து நடத்தினார், இனி நடப்பது அந்தக் கன்னத்தின் பாடு என்று சொல்லிவிடலாமா? சபையில் என்றால் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டால் போதும், ஏதாவது வந்துவிடும். இங்கே கேமரா இருக்கிறது. கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு பொய் சொல்ல வேண்டும்.

பெமிலா தேங்காய் திருவியபடி இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். வெளியே கிணற்றடிச் சுவரில் கண்ணாடியை மாட்டி, அவள் கணவர் ஜேசுதாஸ் முகம் மழிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். தோளில் வெள்ளைத் துவர்த்துத் துண்டு, கிண்ணத்தில் நுரை, பித்தளை ரேசர், அதை வைப்பதற்கென்றே ஒரு தாங்கி, மகள் பெபிஷாவின் கையில் போன். பத்மநாபபுரம் அரண்மனையில் ராஜாவுக்கு மழித்தபோதுகூட இவ்வளவு சாமான் இருந்திருக்காது.

சார்ஜாவில் இருந்த பத்தொன்பது வருஷமும் கைக்குக் கிடைத்ததை வைத்து மழித்துக்கொண்டு வேலைக்குப் போனவர்தான். தக்கலைக்கு வந்து வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் சேர்ந்தார். பழைய ரேசர்களில் பழைய பிளேடுகளைப் போட்டு மழித்துக்கொள்ளும் ஆண்களின் குழு. குமரி மாவட்டத்தில் அப்படி முப்பத்தேழு பேர் இருந்தார்கள். முப்பத்தேழு பேருக்கும் வீட்டில் வேறு வேலை இல்லை.

குளச்சலில் மூடப்போகிற ஒரு கடையின் பரணில் அவர் கண்டெடுத்ததுதான் புறா மார்க் பிளேடு. அதைச் செய்த கம்பெனியே இல்லாமல் போய் ஐம்பது வருஷம் இருக்கும். மெழுகுத்தாளைப் பிரித்தபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பெபிஷா பிறந்த செய்தியைப் போனில் கேட்டபோதும் அது வந்ததா என்று பெமிலாவுக்குத் தெரியாது. போனில் முகம் தெரியாத காலம் அது.

குழுவில் ஒரு சட்டம் உண்டு. பிளேடு எப்படி என்று மழித்தவன் சொன்னால் செல்லாது. வீட்டுக்காரி வந்து கன்னத்தைத் தடவிப் பார்த்து வீடியோவில் சொல்ல வேண்டும். வீட்டுச் சாட்சி என்று அதற்குப் பெயர். போன வாரம் மார்த்தாண்டத்து ராஜையனின் மனைவி, "வெண்ணெ மாதிரி இருக்கு" என்று சாட்சி சொல்லியிருந்தாள். அவள் சொன்னபோது ராஜையனின் காதுக்குக் கீழே பஞ்சு ஒட்டியிருந்தது. முப்பத்தேழு பேரும் கை தட்டியிருந்தார்கள். பஞ்சைப் பார்த்தவள் பெமிலா மட்டும்தான் போலும்.

பழைய பிளேடை அப்படியே போடக்கூடாதாம். தக்கையில் நாலு தடவை செருகி எடுத்துப் பதப்படுத்த வேண்டுமாம். தக்கைக்காக வீட்டைத் தலைகீழாகப் புரட்டியவருக்கு, கிறிஸ்துமஸுக்குப் பெமிலா போட்ட திராட்சை வைன் குப்பியின் தக்கைதான் கிடைத்தது. நாலு தடவைக்குப் பதிலாக இரண்டு நாள் செருகியே வைத்தால் இன்னும் நல்லதல்லவா என்று அவருக்குத் தோன்றியது.

"வைன்ல ஊறின தக்கையாக்கும் அது. பிளேடு கறுத்துப்போவும்," என்று அவள் அன்றைக்கே சொன்னாள். எலுமிச்சை அறுத்த கத்தியைக் கழுவாமல் வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவள்.

"பிளேடப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தாறியா? போயி அடுக்களையப் பாரு பிள்ளே."

அடுக்களையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

இன்று காலை பிடுங்கியபோது பிளேடின் இரண்டு ஓரமும் தவிட்டு நிறத்தில் இருந்தன. "இது காலத்துக்க நெறம், கேட்டியா," என்று மகளுக்கு விளக்கிவிட்டு அவர் அதை ரேசரில் முறுக்கினார்.

"மக்கா, வீடியோ ஓடுதா?"

"ஓடுது அப்பா."

"அன்பார்ந்த நண்பர்களே," என்று கண்ணாடியைப் பார்த்துத் தொடங்கினார். கேமரா முன்னால் அவருக்குச் செந்தமிழ்தான் வரும். முதல் இழுப்பின் சத்தம் அடுக்களைவரை கேட்டது. அடிப்பிடித்த சட்டியைக் கரண்டியால் சுரண்டுவது மாதிரி.

"அப்பா, ரத்தம்."

"வெயிலு பட்டு அப்படித் தெரியுது."

"வெயிலு தாடைல வழியுது அப்பா."

"சும்மா பிடிட்டி!"

ஆறு இடத்தில் காலத்தின் நிறம் தெரிந்தது. படிகாரத்தைத் தேய்த்தபோது அவர் கண்ணில் நீர் நிறைந்தது. "என்ன ஒரு குளிர்ச்சி," என்றார் நண்பர்களிடம். பிறகு திரும்பி, "பெமிலா! இஞ்ச வா," என்று கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டே மாதக்கணக்கு இருக்கும்.

அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தடவிப் பாத்துட்டு வெண்ணெ மாதிரி இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லு. ராஜையனுக்க வீட்டுக்காரி சொன்னால்லா, அதுபோல."

"ரத்தம் நிக்கல்ல."

"அது அந்தப் பக்கம். இந்தக் கன்னத்தத் தொடு, இதுல ரெண்டுதான்."

"சீக்கிரம் அம்மா, சார்ஜ் இல்ல," என்றாள் பெபிஷா.

ரப்பர் தோட்டத்தை விற்றபோது அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் ஊரோடு வருவதாக முடிவெடுத்ததும் வந்து இறங்கிய பிறகுதான் தெரியும். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் முதன்முறையாக அவள் சொல்லுக்கு முப்பத்தேழு பேர் காத்திருக்கிறார்கள். சொல்ல வேண்டியதை மட்டும் வேறொருத்தி ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறாள்.

அவளைத் தடுத்தது பொய் மட்டும் இல்லை. அவருடைய முதல் விடுமுறையில் ஒரு காலை, தூங்குகிறார் என்று நினைத்து அவர் கன்னத்தில் கையை வைத்தாள். "வேர்க்குது, எடு" என்று கண்ணைத் திறக்காமலே கையை எடுத்துக் கட்டிலில் வைத்தார். கோபமெல்லாம் இல்லை, இடைஞ்சலான தலையணையை நகர்த்துவதுபோலத்தான். அதன்பிறகு அவள் கை தேங்காய்க்கும் மாவுக்கும் துணிக்கும் போயிற்று. இன்று கன்னம் அதுவாகவே நீட்டப்படுகிறது, பட்டப்பகலில். கைக்கு இன்னும் ஆசை இருந்தது. அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஆசையையும் ஒரு வீடியோவுக்காகக் கொடுத்துவிட்டால் பிறகு தனக்கென்று ஒன்றும் மிஞ்சாது என்று பட்டது.

"பேசக்கூட வேண்டாம் பிள்ளே," ஜேசுதாஸின் குரல் இறங்கியது. "கைய மட்டும் வையி. மிச்சத்த நான் எழுதிக்கிடுவேன்."

"இல்ல. நான் வைக்கல்ல."

"என்னட்டி சொல்லுத?"

"வைக்க மாட்டேன்னு சொல்லுதேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். பெபிஷா போனைத் தாழ்த்தினாள். அவர் கன்னத்தை நீட்டியபடியே இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பெமிலா கைகளைச் சேலைத் தலைப்பில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.