தோரி வாசலுக்கு இந்தப் பக்கம்

மூன்றாவது புத்தர் கோயிலுக்கும் தொகிகோ மருமகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஐந்து மாதப் பிள்ளைத்தாச்சியைத் தூறலில் கியோட்டோ முழுக்க அலைய விடுகிறாளே, இவளெல்லாம் ஒரு மாமியாரா என்று பேருந்தில் யாராவது நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். கால் கடுத்துப்போய் இசுமி தன் வாயாலேயே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை அலைச்சலும்.

இசுமி சொல்கிற வழியாக இல்லை. குழந்தைகளைக் காக்கும் ஜிஸோவின் சிலைக்கு ஊதுவத்தி ஏற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு கைபேசியை நீட்டி, சிலையும் தன் வயிறும் சேர்ந்து விழுகிற மாதிரி ஒரு படம் எடுத்தாள்.

"அப்பாவுக்கு," என்றாள். "காலையிலேந்து நாலு படம் அனுப்பிட்டேன். ஒண்ணைக்கூடப் பாக்கலை. கிழவர் மறுபடியும் போனைச் சார்ஜ் போடாம விட்டுட்டாரு போல."

"கடலுக்குப் போயிருப்பார்."

"அந்த முழங்காலை வெச்சுக்கிட்டா? நல்லாச் சொன்னீங்க அத்தை," என்று இசுமி சிரித்தாள்.

இசுமியின் அப்பா செவ்வாய்க்கிழமை கடற்கரை ஊரான மைசுருவில், தன் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டார். அவருடைய தம்பி இவர்கள் வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டபோது இசுமி குளித்துக்கொண்டிருந்தாள். எடுத்தது தொகிகோ. போன வருடம் மூன்றாம் மாதத்தில் இசுமிக்கு ஒன்று கலைந்திருந்தது. இந்தத் தடவை அதிர்ச்சி எதுவும் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குழந்தை பிறக்கும்வரை மூச்சு விடக்கூடாது என்று மகன் ரியோஜி முடிவு செய்தான். அலுவலக வேலையாகப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மாமனாரின் தகனத்துக்குப் போய், நேற்று மாலை திரும்பி வந்தான்.

சாவு வீட்டுக்குப் போய் வந்தவனை அப்படியே உள்ளே விடலாமா? தொகிகோ வாசலிலேயே அவன் தோளிலும் காலடியிலும் உப்பைத் தூவினாள். கூட்டுவதற்குள் இசுமி வந்துவிட்டாள். நத்தைக்குப் போட்டேன் என்று வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்தாள். இசுமியே துடைப்பத்தை எடுத்துக் கூட்டித் தள்ளினாள்.

இன்று நாட்காட்டியில் நாய் நாள். நாயைப் போல நோகாமல் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று பிள்ளைத்தாச்சிகள் ஐந்தாம் மாதத்தில் ஷிண்டோ கோயிலில் பூசை செய்து, வயிற்றுக்கட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிற நாள். புத்தர் கோயில் என்றால் பாதகமில்லை. சாவும் திவசமும் அவர் வீட்டுக் காரியம்தான். ஆனால் பெற்ற அப்பனைப் பறிகொடுத்தவள் ஐம்பது நாளைக்குத் தோரி வாசலைத் தாண்டி ஷிண்டோ கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. அறுபத்து நான்கு வயதுவரை தொகிகோ இந்த விஷயத்தில் மட்டும் தெய்வத்தை ஏய்த்ததில்லை.

"அவளுக்குத்தான் தெரியாதே. தெரியாமப் போனா தீட்டு என்ன தீட்டு?" என்று காலையில் ரியோஜி முணுமுணுத்தான்.

"எனக்குத் தெரியுமேடா," என்றாள் தொகிகோ.

அவன் செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஆண்களுக்கு எல்லாம் சுலபம்.

ஜிஸோ கோயில் படியிறங்கும்போது தொகிகோ கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்தாள். "ஜிஸோகிட்டயே வேண்டிக்கிட்டாச்சு. பன்னெண்டு நாள் கழிச்சு இன்னொரு நாய் நாள் வருது. அப்ப வாங்கிக்கலாமே." அதுவும் ஐம்பது நாளுக்குள்தான்; இன்றைக்குத் தப்பினால் போதும்.

"போன தடவை நான் அஞ்சாம் மாசத்தைக் கண்ணால பாக்கலை," என்றாள் இசுமி. "இன்னிக்கே வாங்கணும். கட்டிக்கிட்டுப் படம் அனுப்புன்னு அப்பா ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டாரு. அதைப் பாத்துட்டுத்தான் அரிசிச் சாராயமே குடிப்பாராம்."

தொகிகோ அவள் பின்னாலேயே நடந்தாள்.

அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, மேட்டின்மேல் ஷிண்டோ கோயிலின் செந்நிறத் தோரி நின்றது. உள்ளே வயிற்றைத் தள்ளிக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய அம்மாக்கள் குடை பிடித்தார்கள். இசுமி குடையை மடக்கினாள். ஓரமாக ஒதுங்கி, முறைப்படி தலை வணங்கினாள். வலது காலைத் தூக்கினாள்.

தொகிகோ அவள் கையைப் பற்றிக்கொண்டாள். "போகாதே."

"ஏன் அத்தை?"

கால் வலி, தலைச்சுற்றல், பையை மறந்துவிட்டேன் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய்யெல்லாம் அந்த வாசலில் உதவவில்லை. "உனக்குத் தீட்டு," என்றாள்.

"எனக்கா?" இசுமிக்குச் சிரிப்புத்தான் வந்தது. "எனக்கு யாரு செத்தா?"

கேட்டுவிட்டுக் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். தூக்கிய கால் தானாகக் கீழே இறங்கியது. அனுப்பிய படம் ஒன்றைக்கூட அப்பா பார்த்திருக்கவில்லை. வருகிறவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"எப்ப?"

"செவ்வாக்கிழமை. தூக்கத்துலயே. ஒண்ணும் அனுபவிக்கலை."

"எரிச்சாச்சா?"

"நேத்து."

"நேத்து," என்று இசுமி திருப்பிச் சொன்னாள். "அப்ப அந்த உப்பு?"

"ரியோஜி மேல தூவினது," என்றாள் தொகிகோ.

"நத்தைக்குன்னு சொன்னீங்களே. அதை நானே கூட்டிக் கொட்டினேனே அத்தை."

"வயித்துல இருக்கிறதை நெனச்சுத்தான்… மாசமா இருக்கிறவ சாவுக்குப் போகக் கூடாதுன்னு…"

"உங்க அப்பா சாவுக்கு உங்க பிள்ளையை வயித்துல வெச்சுக்கிட்டுப் போனீங்களே. எதுவும் அண்டாம கண்ணாடியை வெளிப்பக்கம் பாத்து இடுப்புல சொருகிக்கிட்டாப் போதும்னு, கல்யாணமான புதுசுல நீங்கதான் எனக்குச் சொன்னீங்க."

உண்மைதான். ரியோஜி வேண்டாம் என்று சொன்ன அன்று தொகிகோவுக்கு அந்தக் கண்ணாடி ஞாபகம் வராமல் இல்லை. சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அன்றைக்கு வசதியாக இருந்தது. நினைக்கவே இப்போது வெட்கமாக இருந்தது.

"காலையிலேந்து நான் படம் படமா அனுப்பறேன். பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தீங்க." இசுமியின் குரல் உயரவில்லை. "ஒண்ணு கேக்கறேன். இந்த வாசல் குறுக்க வரலேன்னா எப்பச் சொல்லியிருப்பீங்க?"

குழந்தை பிறந்த பிறகு என்பதுதான் பதில். தொகிகோ வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"கண்ணாடியைக் குடுங்க."

தொகிகோ கைப்பையைத் துழாவினாள். அவசரத்தில் சாவியும் கைக்குட்டையும் தரையில் விழுந்தன. முப்பத்தைந்து வருடமாகக் கூடவே வைத்திருக்கும் சின்ன வட்டக் கண்ணாடி அது. இசுமி அதை வாங்கி, கோட்டை விலக்கி, பாவாடை இடுப்பில் வெளிப்பக்கம் பார்த்துச் சொருகிக்கொண்டாள். ஒரு நொடி அதில் தொகிகோவின் முகம் தெரிந்தது.

"எங்க போற?"

"மைசுருக்கு. எலும்பாவது வீட்ல இருக்கும்ல."

"நானும் வரேன்மா. தனியாப் போகாதே. ரயில்ல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா…"

இசுமி குடையை விரித்தாள். அழுகை அப்போதுதான் முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க உள்ள போய்க் கும்பிட்டுட்டு வாங்க அத்தை," என்றாள். "உங்களுக்குத்தான் தீட்டு இல்லையே."