பல் டாக்டர் வீட்டுப் பாசி

பகலெல்லாம் அடுத்தவர் பல்லில் படிந்த காரையைச் சுரண்டிவிட்டு வரும் பல் டாக்டருக்கு, வீட்டிலும் சுரண்ட ஒன்று காத்திருந்தது. கூடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர், பவளங்கள், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கோமாளி மீன்கள். ஆறு மாதமாகப் பாறைகளில் பச்சைப் பசேலென்று பாசி, முடி முளைத்ததுபோல் வளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

அவர் செய்யாத வைத்தியம் இல்லை. விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தார். குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டு வடிகட்டிய தண்ணீர் ஊற்றினார். பழைய டூத் பிரஷால் தேய்த்துப் பார்த்தார். கடைசியில் கிளினிக்கில் இருந்த கொக்கிக் கருவியையே கொண்டுவந்து, நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு, தோள்வரை கையை விட்டுச் சுரண்டினார். "பாறையைப் பார்த்து வாயைத் திறங்கன்னு சொல்லல. அதுவரைக்கும் சந்தோஷம்" என்றாள் மனைவி.

ஒரே வாரத்தில் பாசி முன்னைவிடச் செழிப்பாக வந்து நின்றது. பாசி தின்னும் என்று நம்பி, முள்ளுப் பந்து மாதிரி இருக்கும் கடல் பிராணி ஒன்றை வாங்கி விட்டார். அது நாலு வாய் தின்றுவிட்டு, இருப்பதிலேயே அழகான பவளத் துண்டைப் பிய்த்துத் தலையில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம்போல் தொட்டியைச் சுற்றி வந்தது.

தொட்டிக் கடைக்காரர் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தார். "உரம் போட்ட வயல் மாதிரி இருக்கு டாக்டர். தீனி ஜாஸ்தி."

டாக்டருக்குச் சுருக்கென்றது. தீனி போடுவது தான் மட்டும்தான், அதுவும் காலையில் ஒரே ஒரு சிட்டிகை என்றார். கடைக்காரர் பார்த்த பார்வை டாக்டருக்குப் பழக்கமானதுதான். தினமும் இரண்டு வேளை பல் தேய்ப்பதாகச் சத்தியம் செய்கிறவர்களை அவரே அப்படித்தான் பார்ப்பார்.

அந்த வாரம் ஒருநாள் கிளினிக் நாற்காலி பாதியில் மடங்கி நின்றுவிட்டது. நோயாளியை மெல்ல இறக்கி அனுப்பிவிட்டு, மதியமே வீட்டுக்கு வந்து உள்ளறைக் கட்டிலில் படுத்தார். கதவிடுக்கில் தொட்டி தெரிந்தது.

மூன்று மணிக்கு, அவர்களோடேயே இருக்கும் மாமனார் வந்தார். இடமும் வலமும் பார்த்துவிட்டு மூடியைத் தூக்கித் தீனி போட்டார். நாலு மணிக்குப் பள்ளி விட்டு வந்த மகள், ஷூவைக்கூடக் கழற்றாமல் போட்டாள். ஐந்தரைக்கு மனைவி, தோளில் ஆபீஸ் பையோடு. ஒவ்வொரு முறையும் மீன்கள் இரண்டும் பிறந்ததிலிருந்தே பட்டினி என்பதுபோல் கண்ணாடியோரம் வந்து வாயைப் பிளந்தன.

டாக்டர் மூவரையும் சாப்பாட்டு மேசைக்கு அழைத்து உட்காரவைத்தார். மற்ற இருவரும் ரகசியமாகப் போடுவது மூவரில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. "ஒரு சிட்டிகை எப்படிங்க பத்தும்? பாத்தா பாவமா இருக்கு" என்றாள் மனைவி. ஆறு மாத உழைப்பை மண்ணாக்கிவிட்டீர்களே என்று டாக்டர் பொரிந்து தள்ளினார். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் மகள் மெதுவாகக் கேட்டாள்.

"தினம் சாயந்திரம் ஃப்ரீசர்லேருந்து எறால் எடுத்துப் போடுறீங்களேப்பா, அது?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். "அது தீனி இல்லம்மா. சும்மா ஒரு பாசத்துல போடுறது."

"அந்தப் பாசம்தான் மாப்ள பாசியாயிருக்கு" என்றார் மாமனார்.

முதலில் சிரித்தது மனைவி. டாக்டர் முறைத்துப் பார்த்தார். முடியாமல் அவரும் சிரித்துவிட்டார்.

மாமனார் முப்பது வருடம் கிடங்குக் கணக்கு பார்த்தவர். தீனி டப்பா அவருடைய அலமாரிக்குள் போனது. ஃப்ரீசர் இறாலுக்கும் அவரே காவல். காலையில் ஒரு சிட்டிகை. அதற்குமேல் ஒரு துகள்கூட வெளியே வரவில்லை. முதல் வாரம் நரகம். மீன்கள் கெஞ்சின. வீட்டில் எல்லோரும் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். ஒருநாள் மாலை டாக்டர், ஒரே ஒரு இறால் மட்டும் என்று மாமனாரிடம் போய் நின்றார்.

"போய்க் காப்பியக் குடிங்க மாப்ள" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே.

இரண்டு மாதத்தில் பாறைகள் வழுக்கையாகி, அடியிலிருந்த ஊதா நிறம் எட்டிப் பார்த்தது. மீன்கள் இளைக்கவே இல்லை.