மதிய இடைவேளையில் தேர்ந்தெடுத்த விளக்கு

அந்தப் பட்டறையில் எலெக்ட்ரீஷியனை எல்லாரும் லைட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவர் அதே பட்டறையில் இரும்பு கடையும் லேத் மெஷினில் நிற்கும் அவனுடைய மச்சான், அக்கா புருஷன். பேருதான் லைட்டு, மண்டைக்குள்ள ஜீரோ வாட்ஸ் என்று அவர் ஆள் சேர்த்துக்கொண்டு சிரிப்பார். லைட்டு கோபித்துக்கொண்டதில்லை. அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

கூரை விளக்குகளையெல்லாம் மாற்றி எல்இடி போடுவது என்று முடிவானபோது, மேனேஜர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை லைட்டிடமே விட்டார். அவனும் ஏனோதானோ என்று செய்யவில்லை. மூன்று கம்பெனியிலிருந்து மாதிரி வரவழைத்துப் அருகருகே தொங்கவிட்டான். வெளிச்சம் அளக்கும் மீட்டரை இரவல் வாங்கி வந்து, ஆள் குனிந்து வேலை பார்க்கிற உயரத்தில், ஒவ்வொரு மெஷின் மேலும் வைத்துக் குறித்துக்கொண்டான். கண் கூசுகிறதா, தலையின் நிழல் வேலை மேல் விழுகிறதா, அளவுகோலின் மெல்லிய கோடு தெரிகிறதா, எண்ணெய்ப் புகை உள்ளே புகாதபடி மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று எதையும் விடவில்லை. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் மதியம் சாப்பாட்டு நேரத்தில் செய்தான். அப்போது மெஷின் ஒன்றுகூட ஓடாது. ஆட்கள் சாப்பாட்டு டப்பாவோடு வந்து அண்ணாந்து பார்த்து நியாயம் சொன்னார்கள். முதல் விளக்கு பிணவறை மாதிரி நீலமாக இருக்கிறது என்றார்கள். இரண்டாவது அழுது வடிகிறது என்றார்கள்.

மச்சான்தான் தீர்ப்புச் சொன்னார். "மூணாவதையே போடு மாப்ள. ஊசி விழுந்தாக்கூடப் பொறுக்கிடலாம்."

ஒரு விடுமுறை நாளில் நாற்பத்திரண்டு விளக்கும் ஏறிவிட்டன. ஒவ்வொரு லேத்திலும் வளைந்த கழுத்தோடு ஒரு மஞ்சள் குண்டு பல்பு இருந்தது. இத்தனை வெளிச்சத்தில் அது எதற்கு, பட்டப்பகலில் டார்ச் அடித்த மாதிரி என்று அவற்றையும் கழற்றிச் சாக்கில் போட்டான் லைட்டு. சாக்கு பழைய இரும்புக் கடைக்குப் போனது. மறுநாள் காலையில் உள்ளே வந்தவர்கள் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். பதினெட்டு நாள் அவன் தலை நிமிர்ந்து நடந்தான்.

பத்தொன்பதாம் நாள் மச்சான் ஓடுகிற லேத்துக்குள் கையை விட்டார்.

அந்த லேத் வெட்டு முடிந்ததும் தானாக நின்றுவிடும். நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடைச் சக்குக்குள் அளவுகோலோடு கையை நீட்டுவார். இருபத்தாறு வருஷமாகப் பார்த்த வேலை. இரைச்சலுக்காகக் கம்பெனி கொடுத்த பஞ்சடைப்பு காதில் இருந்ததால் சத்தம் கேட்டிருக்காது. ஆனால் கண் இருந்ததே, கண் எங்கே போயிற்று என்று எல்லாரும் கேட்டார்கள். வலது கையில் கட்டைவிரல் ஒன்றுதான் மிஞ்சியது.

மயக்கம் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நின்னுச்சு." டாக்டரிடமும் அதையே சொன்னார், நர்ஸிடமும் அதையே சொன்னார். சூப்பர்வைசர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா, முந்தின நாள் தூங்கவில்லையா என்று வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி விசாரித்தார். அவருக்கும் அதே பதில்தான். சூப்பர்வைசர் வெளியே வந்து அக்காவிடம், அதிர்ச்சியில் புத்தி கொஞ்சம் பிசகியிருக்கும், போகப் போகச் சரியாகும் என்றார். அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி தலையாட்டினான். அப்போது அவனும் அப்படித்தான் நினைத்தான்.

அடுத்த நாள் அந்த லேத்தைக் கழுவித் துடைத்து, ஒரு இரும்புத் துண்டைப் பூட்டி, அடிபட்டபோது ஓடிய அதே வேகத்தில் மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார். லைட்டு ஏணி மேல் நின்று ஒரு ஒயரை இறுக்கிக்கொண்டிருந்தான். மோட்டார் இரைந்தது. குனிந்து பார்த்தான். சக் அசையாமல் நின்றது. மூன்று தாடையும் தனித்தனியாகத் தெரிந்தன, தாடைகளின் விளிம்புகூடக் கூர்மையாகத் தெரிந்தது. பெல்ட் அறுந்துவிட்டதா என்று, மோட்டார்ப் பக்கம் குனிந்திருந்த மெக்கானிக்கைக் கேட்க வாய் திறந்தவன், கீழே இரும்புச் சுருள் பறந்து விழுவதைக் கண்டான். இறங்கி வந்து இடுப்பிலிருந்த பேட்டரி டார்ச்சை அடித்தான். டார்ச் வெளிச்சத்தில் சக் புகை மாதிரி சுழன்றது. அணைத்தான், நின்றது. அடித்தான், சுழன்றது. டார்ச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பின்பக்கமாக வெளியேறினான்.

அதற்குப் பிறகு அந்த லேத்துக்கு விசாரணை முடியும்வரை சீல் வைத்தார்கள். லைட்டு தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஃப்ளாஸ்கில் வெந்நீர் பிடித்துக் கொடுத்தான், மச்சானுக்கு முகம் துடைத்துவிட்டான். சொல்லிவிட வேண்டும் என்று படியேறுவான், நாளைக்குப் பார்க்கலாம் என்று படியிறங்குவான். அடிபட்ட ஐந்தாம் நாள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று அக்கா அவனைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"நாளைக்கு விசாரணைக்குக் கம்பெனில ஒரு பேப்பர் அனுப்பியிருக்காங்கடா. கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு. நான் போட வேணாம்னு சொன்னேன். அவரு இடது கையால கையெழுத்துப் போட்டுட்டாரு. 'ஓடிட்டுதான் இருந்துச்சு போல, எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு'ன்றாரு. இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் தன்னையே நம்பாமப் பார்த்ததில்லடா."

கவனக்குறைவு என்று முடிந்தால் நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை என்று கம்பெனி கைவிரித்துவிடும். அது லைட்டுக்கும் தெரியும். ஆனால் அன்றிரவு அவனைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கடைசி வாக்கியம்.

மறுநாள் விசாரணைக்கு வந்தது தொழிலாளர் துறை அதிகாரி, நடுவயதுப் பெண். மேனேஜரும் சூப்பர்வைசரும் பேப்பரை நீட்டினார்கள். அவர் பேனாவைத் திறக்கும்போது, ஒரு நிமிஷம் அம்மா என்று குறுக்கே வந்து நின்றான் லைட்டு. சீல் வைத்ததைப் பிரித்து லேத்தை ஓடவிடச் சொல்ல முடியுமா என்று கேட்டான். மேனேஜர் முறைத்தார். அதிகாரி, ஓட்டட்டுமே என்றார்.

மெக்கானிக் ஸ்விட்சைப் போட்டு அன்றைக்கிருந்த அதே வேகத்துக்கு ஏற்றினார். அதிகாரி எட்டிப் பார்த்தார். "ஏன், இன்னும் ஓடலையா?"

"ஓடுதும்மா. கிட்டப் போகாதீங்க."

ஒரு நீள அட்டையைச் சக்குக்கு நேரே நீட்டினான். அட்டை அவன் கையிலிருந்து பிடுங்கப்பட்டு நார் நாராகச் சிதறியது. அதிகாரி இரண்டடி பின்னால் போனார். சூப்பர்வைசருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. லைட்டு மேலே கையைக் காட்டி, மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தவன் போலத் தடுமாறாமல் சொன்னான்:

"இந்த விளக்கு நொடிக்கு நூறு தடவை மினுக்குதும்மா. நம்ம கண்ணுக்குத் தெரியாது. சக்கும் அதே தாளத்துல சுத்தறப்ப, ஒவ்வொரு மினுக்குக்கும் ஒரு தாடை அதே இடத்துல வந்து நிக்குது. பார்க்கறவனுக்கு மெஷினே நின்ன மாதிரிதான் இருக்கும். முன்னாடி ஒவ்வொரு லேத்துலயும் ஒரு மஞ்சள் பல்பு இருந்துச்சு. அது இப்படி மினுக்காது. அது எரிஞ்சிருந்தா சுத்தறது தெரிஞ்சிருக்கும்."

அந்த பல்பைக் கழற்றியது யார் என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான். விளக்கைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். மெஷின் நிக்கறப்ப மட்டும் சோதிச்சுப் பார்த்தேன்."

அதிகாரி அந்தப் பேப்பரைக் குறுக்கே அடித்துவிட்டு வேறு எழுதினார், லைட்டிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, விளக்குகளை உடனே மாற்றுங்கள் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டி வாசலைத் தாண்டியதும் மேனேஜர் பேசினார். மினுக்காத விளக்குக்கு ஆர்டர் போட்டு வர மூன்று வாரம் ஆகும், அதுவரை எல்லாரையும் ஜாக்கிரதையாக இருக்கச் சொல், உன் கணக்கை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார்.

லைட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனான். மச்சான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கட்டுப் போட்ட கை தலையணை மேல் இருந்தது. நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை சொல்லி முடித்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்து பெண்டாட்டியைப் பார்த்தார்.

"கேட்டியா. நின்னுச்சுன்னு சொன்னேன்ல."

அக்கா புருஷனைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"அடிபட்ட மறுநாளு."

"அப்ப நாலு நாளு." விரல் விட்டு எண்ணுகிறவள் போல மெதுவாகச் சொன்னாள். "நாலு நாளா டாக்டர்கிட்ட போய், இந்த மனுஷனுக்குப் பைத்தியமான்னு கேட்டுட்டு இருந்தேன். நீ பக்கத்துலயே நின்னுட்டு இருந்தே."

பயமாக இருந்தது என்று சொன்னால், அந்தக் கட்டிலில் இருக்கிற கைக்கு முன்னால் அந்தப் பயம் என்ன பெறும்.

மச்சான்தான் பேசினார். "என் லேத்துக்கு சீல் வச்சாங்க. மத்த ஏழு லேத்து?"

லைட்டு தரையைப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். இந்த நாலு நாளும் அதுங்க ஓடுச்சா?"

"ஓடுச்சு மச்சான்."

"அதே வெளிச்சத்துல."

"ஆமா."

"இப்ப?"

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான் லைட்டு. இரண்டேகால். மதிய ஷிப்டு ஏறிப் பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

"ஓடிட்டுதான் இருக்கு."

மச்சான் இடது கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "அப்ப இங்க நின்னு எனக்குக் கதை சொல்லிட்டு இருக்கியே, போடா. போய் மெயினை அணை. எவன் கேட்டாலும் போடாதே. போ."

லைட்டு செருப்பைத் தேடாமலே வாசலில் இறங்கி ஓடினான். அவன் தெருவைத் தாண்டுவதற்குள் அக்கா வந்து கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.